தெரிந்த முட்டி

மூன்று தடவைக்கு மேல் கல்லூரியில் வாய்ப்புக் கிடையாது. முதல் தடவை பயத்தில் அவள் வாயே திறக்கவில்லை. இரண்டாம் தடவை வாயைத் திறந்ததுதான் தப்பாகிவிட்டது. இன்று மூன்றாவது. நரம்பு மண்டலப் பரிசோதனை, செய்முறைத் தேர்வு. தேறினால் பிசியோதெரபிஸ்ட். தவறினால், இத்தனை வருஷம் எந்தக் கிளினிக்கில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாளோ அதே கிளினிக், அதே விரிப்பு.

வகுப்பில் அவளுக்குப் பெரியக்கா என்று பெயர். மற்றதெல்லாம் நேற்றுவரை பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். இவளுக்கோ காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. இந்த வயதில் இது தேவையா என்று உறவில் கேட்காத வாய் இல்லை. தேவைதான். அவள் புருஷன் டவர் கிரேன் ஓட்டுகிறவர். தினமும் ஏணி ஏறி, மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, பகல் முழுக்கக் கழுத்தை வளைத்துக் கீழேயே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. ஒரு காற்று நாளில் கூண்டு ஆடிய ஆட்டத்தை அவர் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்குப் போட்ட ஒப்பந்தம் இது: அவள் பாஸ் ஆனால் அவர் இறங்கிவிட வேண்டும். தரையில் ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்தப் படிப்பு, வேறு எதற்கும் இல்லை.

இன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் காலிலிருந்து செருப்பு ஒன்று கழன்று படியிலேயே நின்றுவிட்டது. நடத்துனர் அதை எடுத்து வெளியே வீசினார்.

"செருப்பு கழண்டதுகூட தெரியாம நடப்பீங்களா? சின்னப்பிள்ளையா நீங்க?"

"டாக்டரம்மாவுக்கு பரீட்சை. எனக்கு பதட்டம்" என்றார் அவர். "மத்தியானம் டூட்டிக்கு வர்றேன்னு சொல்லிருக்கேன். சீக்கிரம் முடிஞ்சிடுமில்ல?"

"நான் பாஸ் ஆனா சீக்கிரம் முடியும். ஃபெயில் ஆனா அதைவிட சீக்கிரம் முடியும்."

இந்த முறை புது விதி போட்டிருந்தார்கள். பரிசோதித்துக் காட்ட ஆரோக்கியமான ஆள் ஒருவரை மாணவர்களே கூட்டிவர வேண்டும். அறிவிப்பைப் பார்த்ததும் அவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. போன தடவை கல்லூரியே ஆள் கொடுத்தது, வாசல் வாட்ச்மேனை. அவர் முட்டியில் இவள் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினாள், கால் கொஞ்சமாக அசைந்தது. "ரிஃப்ளெக்ஸ் குறைவு" என்றாள். தேர்வாளர் அம்மாள், பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சுத்தியலம்மா, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நல்லா இருக்கிற மனுஷனை நோயாளி ஆக்கிட்டீங்களே" என்று எழுதிவிட்டார் பூஜ்யத்தை. என்ன தப்புச் செய்தோம் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. போகட்டும், இன்று வாட்ச்மேன் இல்லை. தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பேய் மேல் என்பார்கள். அவளுக்கு உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த முட்டி இன்று அவளோடு பஸ்ஸில் வந்திருக்கிறது.

அந்த முட்டியில்தான் அவள் பாடமே படித்தாள். வகுப்பில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவரையொருவர் பரிசோதித்துப் பழக வேண்டும். வகுப்பு ஒற்றைப்படை. மிஞ்சிய ஒற்றை, வேறு யார், பெரியக்காதான். அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கொடுத்தார்கள். பொம்மையின் முட்டியில் தட்டினால் பொம்மைக்கென்ன? ஆகவே வீட்டுக்கு வந்து புருஷனைக் கட்டிலில் படுக்க வைத்தாள். எந்த நரம்பு உடம்பின் எந்தப் பகுதிக்கு உணர்ச்சி கொடுக்கிறது என்று வண்ணம் போட்டுக் காட்டும் படத்தைக் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டினாள். அவர் கையில் மை பென்சிலால் கோடு கிழித்துப் படித்தாள். அதைத் துடைக்காமல் வேலைக்குப் போய், கட்டட சைட்டில் எல்லோரும் பார்த்துச் சிரித்த நாளும் உண்டு.

"மண்டைக்குள்ள மூளை. அதிலேருந்து வால் மாதிரி தண்டுவடம், முதுகெலும்புக்குள்ள இறங்குது. அதிலேருந்து ரெண்டு பக்கமும் நரம்பு" என்று அவள் ஒப்பிப்பாள்.

"எங்க சைட்டும் அதேதான்" என்பார் அவர். "மேல கூண்டுல நான். கீழ கைகாட்டறவன். நடுவுல ஒரே ஒரு வயர். வயர் போச்சுன்னா நான் மேல குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்."

"ஆனா முட்டி தட்டுற சமாச்சாரம் மூளை வரைக்கும் போகாதுங்க. தண்டுவடத்துலயே திரும்பிடும். மூளை மேலேருந்து லேசா பிரேக் மட்டும் பிடிச்சிருக்கும், கால் ரொம்பத் துள்ளாம."

தட்டினால் அவர் கால் குதிரை மாதிரி உதைக்கும். ஒருநாள் ஸ்டூலில் இருந்த டீ டம்ளர் சுவர்வரைக்கும் பறந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு ஒண்ணாம் நம்பர் ரிஃப்ளெக்ஸ் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட. பஞ்சால் தொட்டுப் பார்க்கும் சோதனையிலும் அவர் கெட்டிக்காரர். கண்ணை மூடிக்கொண்டு, தோள், முழங்கை, கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று அவள் தொடத்தொட "தெரியுது, தெரியுது" என்பார். ஒன்றுகூடத் தவறாது. உள்ளங்காலை மட்டும் காட்டமாட்டார். "கூச்சமா இருக்கு, விடும்மா" என்று இழுத்துக்கொள்வார். அதை அவள் பொம்மையில் பார்த்துக்கொண்டாள்.

தேர்வறைக்கு வெளியே நீண்ட தாழ்வாரம். சுவரோரம் பெஞ்சுகள். பிள்ளைகள் தாங்கள் கூட்டிவந்த அண்ணன், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப்பெண் இவளுக்கு இடம் விட்டாள். அவள் கூட்டிவந்த தம்பி தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"சுத்தியலை இப்படி உருட்டிட்டே இருக்கியேக்கா! என் முட்டியில ரெண்டு தட்டு தட்டு, சரியாயிடும்."

அவள் தட்டினாள். குச்சியின் பாதம் லேசாக ஒருமுறை தலையாட்டியது போல அசைந்தது.

"என்னடி இது, ரிஃப்ளெக்ஸ் இவ்வளவு குறைச்சலா இருக்கு? காலையில சாப்பிட்டியா இல்லையா?"

குச்சி சிரித்தாள். "குறைச்சலா? அக்கா, இதுதானே நார்மல்!"

"விளையாடாத."

"சத்தியமாக்கா. இங்க பாரு." குச்சி சுத்தியலை வாங்கித் தூங்கும் தம்பியின் முட்டியில் தட்டினாள். அதே சின்ன அசைவு. பக்கத்துப் பெஞ்சில் யாருடைய சித்தப்பாவோ ஒருவர் பேன்ட்டைச் சுருட்டிக் காலைக் காட்டினார். அங்கேயும் அதேதான்.

"போன தடவை வாட்ச்மேனைக் குறைவுன்னு சொன்னது இதை வெச்சுத்தானா?" குச்சியின் சிரிப்பு பாதியில் நின்றது. "நீ யாரை வெச்சுக்கா பழகின?"

அவள் திரும்பிப் பார்த்தாள். தாழ்வாரத்தின் கோடியில் தண்ணீர் மெஷின் அருகே அவர் நின்றுகொண்டிருந்தார். காகிதக் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். காகிதக் கப்பை எதற்கு இரண்டு கையால் பிடிக்க வேண்டும்?

விளக்கடியில்தான் இருட்டு. எத்தனை மாதமாயிற்று அவர் பட்டன் வைத்த சட்டை போட்டு? கேட்டால் டி-ஷர்ட் சௌகரியம் என்றார். கையிலிருந்து டம்ளர் நழுவினால், கையில என்ன ஓட்டையா என்று இவளே திட்டியிருக்கிறாள். இன்று காலைதான் செருப்பு கழன்றது, அதற்கும் திட்டினாள். போன வருஷம் கழுத்து பிடிச்சிருக்கு, கழுத்து பிடிச்சிருக்கு என்றார். இவள் தைலம் தேய்த்துவிட்டு, அந்தக் கையோடு புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள். கழுத்தில் தண்டுவடம் நசுங்கினால் முதலில் விரல்களில் மரமரப்பு, பட்டன் போட முடியாமை, நடையில் தடுமாற்றம், பிறகு முட்டி துள்ளும் என்று அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. மனப்பாடமாகவே இருந்தது. பிரேக் போனால் கால் துள்ளும் என்று அவருக்கே பாடம் நடத்தியவள் இவள்.

வாட்ச்மேன் நன்றாகத்தான் இருந்தார். நோயாளியின் முட்டியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, நல்ல மனுஷனை அளந்தது இவள்தான்.

உள்ளேயிருந்து இவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். வரும்போது ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"வாங்க டாக்டரம்மா, ஒரு கை பார்த்துடலாம்."

இப்படியே வெளியே இழுத்துக்கொண்டு போய்விடலாமா? எங்கே போவது? ஆஸ்பத்திரி என்றால் இவர் நாளைக்கு என்பார், அடுத்த வாரம் என்பார், கோபித்துக்கொண்டு நேரே ஏணியில் ஏறுவார். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? இவர் மறுபேச்சில்லாமல் படுக்கும் கட்டில் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது, அது இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. சிலருக்கு இயற்கையாகவே முட்டி துள்ளும், அது நோயில்லை என்றும் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரியை அவள் பிடித்துக்கொண்டாள். தொடுவதுதான் தெரிகிறதே, ஒன்றுகூடத் தவறாமல் சொல்கிறாரே. ஐயோ, அப்படியே இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும் என்று நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

சுத்தியலம்மா மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார். "நீங்களா! உட்காருங்க. இன்னிக்காவது ஆளை உயிரோட அனுப்புங்க. ஆரம்பிங்க."

அவர் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் பஞ்சைத் திரித்தாள். தோளில் தொட்டாள்.

"தெரியுது."

முழங்கை. "தெரியுது." கட்டைவிரல். "தெரியுது." நடுவிரல். "தெரியுது."

ஒவ்வொரு தடவையும் இதே வரிசை, இதே இடைவெளி. இத்தனை நாளும் ஒருமுறைகூட இவள் வரிசையை மாற்றியதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்தது சுண்டுவிரல். அவள் பஞ்சைத் தூக்கிக் காற்றில் பிடித்தாள். எதையும் தொடவில்லை.

"தெரியுது" என்றார் அவர்.

அவள் பஞ்சை இறக்காமலே கேட்டாள். "எங்க தெரியுது?"

"சுண்டுவிரல்ல."

பஞ்சு அவர் கைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. அவர் முகத்தில் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்ட திருப்தி. கட்டிலுக்கு எதிரே ஒட்டிய படத்தை அவள் ஒருத்தி மட்டும் படிக்கவில்லை. படுத்துக்கொண்டே அவரும் படித்திருக்கிறார். அவள் பாஸ் ஆக வேண்டுமே என்று, தன் உடம்பு சொல்லாததையெல்லாம் படத்திலிருந்து மனப்பாடம் செய்து சொல்லியிருக்கிறார்.

சுத்தியலம்மா தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவள் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்து, சுத்தியல் பிடியின் நுனியால் அவர் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தாள். கூச்சம் என்று அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் தொட்டதே அவருக்குத் தெரியவில்லை. பெருவிரல் மட்டும் மெதுவாக மேலே எழும்பியது. மற்ற விரல்கள் விசிறி மாதிரி விரிந்தன. கைக்குழந்தைக்குத்தான் அப்படிப் போகும். நடக்கிற மனுஷனுக்கு விரல் கீழே மடங்க வேண்டும். வாய் எதை வேண்டுமானாலும் மனப்பாடம் செய்யலாம், பெருவிரலுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

"சொல்லுங்க" என்றார் சுத்தியலம்மா. "என்ன கண்டுபிடிச்சீங்க?"

அவர் கண்ணைத் திறந்து தானே பதில் சொன்னார். "எல்லாம் நார்மல் மேடம். வீட்டுல தினமும் பார்க்கிறாங்க."

"நீங்க பேசக்கூடாது. அவங்க சொல்லட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். நார்மல்னு சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஒரே ஒரு சொல்தான். அதைச் சொன்னால் பாஸ். சொல்லிவிட்டு வெளியே போய் அவர் காலில் விழுந்தாவது ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகலாம் என்று ஒரு நிமிஷம் அவளுக்கும் ஆசை வந்தது. பொய் சொல்வானேன், வரத்தான் செய்தது. மத்தியானம், ஏணி, மரத்துப்போன பத்து விரல்கள். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

"மேடம், இவர் நார்மல் இல்லை."

சுத்தியலம்மா பெருமூச்சு விட்டார். "மறுபடியுமா? போன தடவை வாட்ச்மேன். இந்தத் தடவை சொந்தப் புருஷனா? இதோட உங்களுக்கு வாய்ப்பு இல்லைங்கறது ஞாபகம் இருக்கா?" பேனா தாளை நோக்கி இறங்கியது.

"ஃபெயில் போடுங்க மேடம்!" அவள் குரல் அறையில் எதிரொலித்தது. தன் குரலா என்று அவளுக்கே சந்தேகம். "ஃபெயிலே போட்டுக்கங்க, நான் இனிமே இந்தப் பக்கம் வரலை. ஒரே ஒரு தடவை நீங்க தட்டிப் பாருங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், ஒரு தடவை!"

"ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

சுத்தியலம்மா அரை மனசாக எழுந்து வந்தார். அவளிடமிருந்து சுத்தியலை வாங்கினார். தட்டினார். கால் உதைத்த உதையில் பக்கத்தில் இருந்த தட்டு ஊசி, பஞ்சு எல்லாவற்றோடும் தரையில் விழுந்து உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை. சுத்தியலம்மா அடுத்த காலில் தட்டினார். கையில் தட்டினார். நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டு, கட்டைவிரல் துள்ளுவதைப் பார்த்தார். உள்ளங்காலில் கோடு இழுத்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எழுந்திருக்காதீங்க. கழுத்தை அசைக்காதீங்க" என்றார். அந்தக் குரலில் தேர்வாளர் போய்விட்டார், வேறு யாரோ பேசினார். கதவைத் திறந்து, கழுத்துப்பட்டை கொண்டுவா, ஸ்ட்ரெச்சர் கொண்டுவா என்று சத்தம் போட்டார். திரும்பிவந்து கேட்டார். "எவ்வளவு நாளா இப்படி? என்ன வேலை பார்க்கறீங்க?"

"டவர் கிரேன், மேடம். மத்தியானம் டூட்டி இருக்கு."

சுத்தியலம்மா அவள் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

கழுத்துப்பட்டை மாட்டியதும் அவருக்குத் தலையைத் திருப்ப முடியவில்லை. கூரையைப் பார்த்தபடியே கேட்டார். "எல்லாத்தையும் சரியாத்தானேம்மா சொன்னேன்? எதுல தப்பு விட்டேன்?"

"எதுலயும் தப்பு விடலைங்க." அவள் அழுதுகொண்டிருந்தாள். "ஏன் என்கிட்ட சொல்லலை? ஒரு வருஷமா உங்களைத் தட்டித் தட்டிப் படிச்சேனே, என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ படிப்பை விட்டுட்டு என் கூடவே உட்கார்ந்துடுவ. நீ பாஸ் ஆனதும் எப்படியும் இறங்கத்தானே போறேன். இறங்கினதும் பார்த்துக்கலாம்னு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "போன தடவையே பாஸ் ஆயிடுவன்னு நினைச்சேன்."

போன தடவை ஏன் தவறியது என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள், அவர் இருக்கும்வரை சொல்லமாட்டாள்.

ஸ்ட்ரெச்சர் தாழ்வாரத்தில் போனது. குச்சி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். தூங்கிக்கொண்டிருந்த தம்பிகூட விழித்துப் பார்த்தான். சுத்தியலம்மா போனில் யாரையோ அதட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். மதிப்பெண் தாள் உள்ளே மேசைமேலேயே கிடந்தது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

"இது சரியாயிடுமா?" என்று அவர் கேட்டார். சுத்தியலம்மாவை விட்டுவிட்டு அவளைத்தான் கேட்டார்.

புத்தகத்தில் அந்தப் பக்கமும் அவளுக்கு மனப்பாடம். நசுங்கிய தண்டுவடத்தைச் சீக்கிரம் விடுவித்தால் கொஞ்சம் திரும்பலாம். செத்துப்போனது முளைக்காது. சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம்? ஒரு வருஷத்தைச் சீக்கிரம் என்று எந்தப் புத்தகம் சொல்லும்?

ஆம்புலன்சுக்குள் ஏற்றினார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். பட்டை மாட்டிய தலை கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, தன் கையை அவரால் பார்க்க முடியாது. அவள் விரலை அழுத்தினாள், இன்னும் அழுத்தினாள், நகம் பதியும்வரை அழுத்தினாள்.

"தெரியுதாங்க?"

பழக்கத்தில் அவர் உதடு அசைந்தது. பிறகு நின்றது. கண் ஓரத்தில் தண்ணீர் நிறைந்து காதுப் பக்கம் வழிந்தது. எதைத் தொடுகிறாய் என்றுகூட அவர் கேட்கவில்லை.

"தெரியலைம்மா" என்றார்.

அவள் விரலை விடவில்லை. வண்டி புறப்பட்டது.